முத்திரை விழாத உறைகள்

அபயாம்பாள் அம்மாவிடம் யாரும் நேரில் கேள்வி கேட்க முடியாது. மலையடிவாரத்தில் இருந்த அந்த ஆசிரமத்தின் வழக்கம் அப்படி. கேட்க வேண்டியதை எழுதித் தபாலில் போட வேண்டும். பதிலும் தபாலில்தான் வரும்.

பதில் என்றால் எழுத்துதான் என்று எண்ணிவிட வேண்டாம். ஒருவருக்கு ஒற்றை வரி போகும். இன்னொருவருக்குப் பதினோரு பக்கம் போகும். சிலருக்குத் திருநீற்றுப் பொட்டலம், சிலருக்குப் புத்தகம். மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று எழுதிய ஒரு மருமகளுக்கு இரண்டு பூசணி விதை போயிற்று.

எது போனாலும் உறைமேல் ஆசிரமத்தின் தபால் முத்திரை தெளிவாக விழ வேண்டும். விழாத உறையைத் தபால் நிலையத்தில் வாங்க மாட்டார்கள். தினம் அறுநூறு உறை. கையால் குத்திக் குத்தி நான்கு பேருக்குத் தோள்பட்டை போய்விட்டது.

"நான் இயந்திரம் செய்து தருகிறேன்" என்று எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொன்னவர் வைத்தியலிங்கம். கோயம்புத்தூரில் முப்பது வருஷம் இயந்திரங்கள் வடிவமைத்தவர். ஐம்பத்தைந்து வயது. அம்மாவைவிடப் பதினான்கு வயது மூத்தவர். ஆனாலும் சீடர் அவர்தான். அவர் 'அம்மா' என்பார். அம்மா அவரை 'ஐயா' என்பார்.

சொல்லி இரண்டு மாதம் ஆயிற்று.

இரும்பு மேசைமேல் உறை நகர்ந்து வரும். மேலே இருக்கும் உருளை அதில் முத்திரையைப் பதிக்கும். இவ்வளவுதான் இயந்திரம். ஆனால் ஒற்றைத் தாளுக்குத் தக்கபடி உருளையை இறக்கி வைத்தால் புத்தகம் நசுங்கியது. புத்தகத்துக்குத் தக்கபடி ஏற்றினால் ஒற்றைத் தாளில் மையே படவில்லை. உருளை தானாக ஏறி இறங்கட்டும் என்று அதற்குச் சுருள்வில் மாட்டினார். அது தடித்த உறையின் விளிம்பில் மோதித் துள்ளி, மையைத் தாறுமாறாக இழுத்துவிட்டது.

புதன்கிழமை காலை மேனேஜர் தெய்வநாயகம் பார்வையிட வந்தார். திருநீற்று உறை ஒன்று உருளைக்குள் போயிற்று. டப்பென்று வெடித்தது.

"ஐயா, நெத்திக்கு மட்டும் போதும்," என்றார் மேனேஜர், முகத்தை வழித்துவிட்டபடி.

பிறகு சிரிக்காமல் சொன்னார்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் எல்லாருக்கும் ஒரே மாதிரி அச்சடிச்ச கார்டுதான். 'தங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவின் ஆசிகள்.'"

"அம்மா சரின்னாங்களா?"

"போய்ச் சேராத பதிலுக்குக் கார்டு தேவலைன்னாங்க."

வைத்தியலிங்கம் உருளையில் ஒட்டியிருந்த திருநீற்றைத் துடைத்தார். இனி பதினோரு பக்கம் யாருக்கும் போகாது. பூசணி விதையும் போகாது. எல்லாம் தன் கையாலாகாத்தனத்தால். முப்பது வருஷம் என்னத்தைக் கற்றோம்? கற்றோமா, அல்லது செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தோமா?

யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு வழி தோன்றியது. அம்மாவின் அறைக்குப் போனார். அம்மா எழுதிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேள்வின்னா தபால்ல போடுங்க ஐயா."

"தபால்ல போட்டா உங்க பதில் என் மெஷின்லயே நசுங்கிடும்மா."

அம்மா சிரித்துப் பேனாவை மூடினார். "சொல்லுங்க."

"பதில் எல்லாத்தையும் ரெண்டே தாள்ல முடிச்சுடுங்க. திருநீறுன்னா ஒரு சிட்டிகை. புத்தகம் வேண்டாம். எல்லா உறையும் ஒரே தடிமனா இருந்தா என் மெஷின் ஓடிடும்."

அம்மா முழங்கையை மேசையில் ஊன்றி, வலது உள்ளங்கையைக் கீழ்நோக்கி விரித்துப் பிடித்தார்.

"உங்க கையை இதுக்கு அடியில நீட்டுங்க. இங்கே மேசையில கிடக்கற தபாலை ஒவ்வொண்ணா வச்சுக் காட்டுங்க. என் கையைத் தொடணும். தள்ளக் கூடாது."

வைத்தியலிங்கம் ஒற்றைத் தாள் உறையைத் தன் உள்ளங்கையில் வைத்து உயர்த்தினார். தொட்டது. அடுத்து ஒரு புத்தகம். தொட்டது. அடுத்து, ஒரு பக்கம் புடைத்த திருநீற்றுப் பொட்டலம். தொட்டது.

"இன்னொரு தடவை," என்றார் அம்மா.

தாள். புத்தகம். பொட்டலம்.

மூன்றாம் முறை, புத்தகத்தை வைக்கும்போது, அவர் கை அப்படியே நின்றுவிட்டது. கண்கள் விரிந்தன.

"அம்மா! உங்க கை அசையவே இல்லை!"

"இல்லை."

"என் கைதான் இறங்குது! புத்தகத்துக்கு இறங்குது, தாளுக்கு ஏறுது! ரெண்டு மாசமா நான் மேலே இருக்கறதையே ஆட்டிக்கிட்டு இருந்தேனே அம்மா!"

அம்மா கையை மடக்குவதற்குள் அவர் வாசலைத் தாண்டிவிட்டார். செருப்பை மாட்டக்கூட நிற்கவில்லை.

அன்றைக்கே உருளையின் வில்லைப் பிடுங்கி எறிந்து, உருளையை அசையாதபடி முடுக்கினார். உருளைக்கு நேர் கீழே இரும்பு மேசையை அறுத்தார். வெட்டிய இரும்புப் பலகை வில்லின்மேல் மிதக்க வேண்டும். நான்கு வில்லுக்கு எங்கே போவது? மேனேஜரின் மெத்தை வைத்த நாற்காலி கண்ணில் பட்டது.

வியாழக்கிழமை காலை தெய்வநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் இடுப்புவரை உள்ளே போனார்.

"யோவ் வைத்தியலிங்கம்!"

"மன்னிக்கணும் சார்! நாலு மூலைக்கும் நாலு வில்! பொட்டலம் ஒரு பக்கம் புடைச்சிருந்தா பலகை அந்தப் பக்கம் மட்டும் இறங்கிக் கொடுக்கும்! வந்து பாருங்க!"

"முதல்ல என்னைத் தூக்கி விடும்யா!"

வெள்ளிக்கிழமை காலை ஆசிரமமே கூடத்தில் கூடிவிட்டது. அம்மாவும் வந்து ஓரமாக நின்றார். வைத்தியலிங்கம் முதல் உறையை விட்டார். ஒற்றைத் தாள். முத்திரை பளிச்சென்று விழுந்தது. புத்தகம் போயிற்று. பலகை மெத்தென்று தாழ்ந்து, மறுபடி எழுந்தது. முத்திரையில் அதே தெளிவு. திருநீறு வந்தபோது மேனேஜர் இரண்டடி பின்வாங்கினார். வெடிக்கவில்லை.

கூடம் ஆரவாரித்தது. யாரோ கை தட்டினார்கள். உறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்தன. எடுத்து அடுக்க ஆள் போதவில்லை. மேனேஜர் சட்டைப்பையிலிருந்து கார்டு மாதிரியை எடுத்துத் தானே நான்காகக் கிழித்தார்.

அந்த வேகத்திலும் வைத்தியலிங்கத்தின் விரலுக்கு ஓர் உறை வித்தியாசமாகப் பட்டது. இயந்திரத்தை நிறுத்தினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"வெறும் கவர். எடுத்துப் போட்டுட்டு ஓட்டுங்க," என்றார் மேனேஜர்.

வைத்தியலிங்கம் அதை அம்மாவிடம் கொண்டு போனார்.

"உள்ளே வைக்க மறந்துட்டீங்களாம்மா?"

"மறக்கலை ஐயா. இந்த முகவரிக்கார அம்மா அனுப்பினதும் இப்படித்தான் வந்துச்சு. பின்னாடி முகவரி மட்டும் இருந்துச்சு. உள்ளே ஒண்ணும் இல்லை."

அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமே கேக்காதவங்களுக்கு, ஒண்ணுமே இல்லாத கவர். இது எதுக்கும்மா போகணும்?"

"நான் பிரிச்சுப் பார்த்தேன்னு அவங்களுக்கு வேற எப்படி ஐயா தெரியும்?"

வைத்தியலிங்கம் திரும்பி வந்து, உறையைப் பலகைமேல் வைத்தார்.