தெய்வநாயகம் சாரின் நாற்பத்தொரு நாள்

இதை எழுதுகிறவன் இந்தக் கதையைப் பத்தொன்பது வருடமாக நம்பாமல் இருந்தான்.

சொன்னவர் பொய் சொல்கிறவர் அல்ல. குற்றாலிங்கம் அண்ணாச்சி முப்பது வருடம் நில அளவையராக இருந்தவர். ஓர் அங்குலம் கூட்டியோ குறைத்தோ சொல்லிப் பழக்கமில்லாதவர். ஆனாலும் சொல்லும் ஒவ்வொரு தடவையும் கதையில் அவருடைய குற்றம் மட்டும் கொஞ்சம் வளர்ந்திருந்தது. முதல் தடவை சொன்னபோது ஒரு நோயாளியிடம் இரண்டு நாள் தவறாகப் பேசியிருந்தார். சில வருடம் கழித்து அது இருபது நாளாகியிருந்தது. போன வருடம் நாற்பத்தொரு நாளும் அவர் தவறாகவே பேசியிருந்தார்.

அவருடைய குரு கடைசியாகச் சொன்ன பதில் மட்டும் ஒரு தடவைகூட மாறவில்லை. எழுதுகிறவனால் நம்பவே முடியாமல் போனது அந்தப் பதிலைத்தான்.

எல்லாத் தடவைக்கும் பொதுவாக நின்றது இவ்வளவு.

மேற்கு மலையடிவாரத்தில் உலகம்மை என்று ஒரு வைத்தியர் இருந்தார். எலும்பு முறிவுக்குக் கட்டு போடுவார். மனம் விழுந்துபோனவர்களையும் பார்ப்பார். இரண்டும் அப்பாவிடம் கற்றது. மனம் விழுந்தவர்கள் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அங்கேயே தங்க வேண்டும். தலைக்கு எண்ணெய், இரண்டு வேளை கஷாயம், காலையில் ஓடையிலிருந்து எலுமிச்சை மரங்களுக்குத் தண்ணீர் சுமப்பது, சாயங்காலம் அம்மாவோடு கொஞ்ச நேரம் பேச்சு.

குற்றாலிங்கம் அங்கே சீடராகப் போனபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு நாற்பத்து மூன்று. மனைவி இறந்த மறுவருடம் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஊரே உலகம்மையை அம்மா என்றது; இவரும் அம்மா என்றார். அம்மா இவரை அண்ணாச்சி என்றார்.

"குருவே அண்ணாச்சின்னு கூப்பிட்டா நான் எப்படிம்மா சீடனாகிறது?"

"கஷாயம் அடிப்பிடிக்காம காய்ச்சுங்க. ஆயிரலாம்."

காலையில் நோயாளிகளைப் பார்ப்பது குற்றாலிங்கத்தின் வேலை. இரண்டே கேள்விதான் கேட்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார். தூங்கினீர்களா? சாப்பிட்டீர்களா? மூன்றாவதாக ஒன்றும் கேட்கக் கூடாது.

அந்த ஆனி மாதம் ஒரே நாளில் இரண்டு பேர் வந்தார்கள்.

ஒருவர் வேலாண்டி. வாழை போட்டிருந்தவர். குலை தள்ளிய ஆயிரம் வாழையும் ஒரே காற்றில் சாய்ந்த பிறகு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தவர், மூன்று மாதமாக எழுந்திருக்கவில்லை.

மற்றவர் தெய்வநாயகம். சுரண்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மனைவி பக்கவாதத்தில் படுக்கை. கட்டிக்கொடுத்த மகள் திரும்பி வந்திருந்தாள். உடன்பிறந்த தம்பி பொதுச்சுவருக்காகக் கேஸ் போட்டிருந்தான். சார் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் நின்றுவிட்டார். பையன்கள்தான் தலைமையாசிரியரைக் கூட்டிவந்தார்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே எண்ணெய். ஒரே கஷாயம். ஊற்றியது ஒரே கை.

காலையில் குற்றாலிங்கம் கேட்பார். "வேலாண்டி, தூங்கினீரா?"

"கொஞ்சம்."

"சாப்பிட்டீரா?"

"கொஞ்சம்."

அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இருக்காது. குற்றாலிங்கம் அடுத்த கட்டிலுக்குப் போவார்.

"சார், தூங்கினீங்களா?"

"தூங்கலை அண்ணாச்சி. ஏன் தூங்க முடியலைன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். தம்பி சின்னப் பிள்ளையா இருக்கையில ஒரு நாள் அவனை அடிச்சேன். அன்னைக்கே அவன் மனசுல இது விழுந்திருக்கணும். மகள் கல்யாணத்துக்கும் நான்தான் அவசரப்பட்டேன். எல்லாத்துக்கும் எங்கிட்ட ஒரே குறைதான் காரணம்னு தோணுது. அது என்னன்னுதான் பிடிபட மாட்டேங்குது."

குற்றாலிங்கத்துக்கு மெய்சிலிர்த்தது. தன்னைத் தானே இப்படித் துருவிப் பார்க்கிற மனிதரை அவர் அதுவரை பார்த்ததில்லை. தனக்குள் இறங்கிப் பார்ப்பதுதான் ஞானத்துக்கு வழி என்று எத்தனை பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறார்! அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது கேள்வியைக் கேட்டார்.

"ஏன்னு நினைக்கீங்க சார்?"

மறுநாளும் கேட்டார். "விடாதீங்க சார். வேர் வரைக்கும் போங்க."

சார் போனார். எலுமிச்சைக்குத் தண்ணீர் சுமக்கும்போது பாதி வழியில் குடத்தோடு நின்றார். கஷாயம் கையிலேயே ஆறியது.

அம்மா பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, சாரை விறகு பிளக்கச் சொல்லுங்க" என்றார்.

"படிச்ச மனுஷர்மா. முக்கியமான யோசனையில இருக்காரு."

"விறகும் முக்கியம்தான்."

குற்றாலிங்கம் அதைச் சாரிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு அன்றைக்கு வேலை அதிகம், கவனிக்காமல் சொல்லியிருப்பார் என்று தானே முடிவு செய்துகொண்டார்.

இருபதாம் நாள் பந்தியில் வேலாண்டி கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"என்ன அண்ணாச்சி இது? உப்பு மலையேறிப் போச்சா? நம்ம வீட்டு மாட்டுக்கு வைக்கிற கழுதண்ணிகூட இதைவிட ருசியா இருக்கும்!"

"வைத்தியசாலைக்கு வந்தீரா, விருந்துக்கு வந்தீரா?"

"நோயாளியை உப்பு போடாமக் கொல்லுதீரே, அதைக் கேட்டேன்."

அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தது கேட்டது. "அண்ணாச்சி, இவரு பிழைச்சுட்டாரு. உப்பைக் கொடுங்க."

அதே பந்தியில், மூன்று ஆள் தள்ளி, தெய்வநாயகம் சார் கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டிலிருந்து கடிதம் வந்தால் சார் இரண்டு நாள் பேச மாட்டார். குற்றாலிங்கம் அம்மாவிடம் போய் நின்றார்.

"வீடுதாம்மா அவரை விழத்தட்டுது. வர்ற கடுதாசியை நாம வாங்கி வச்சுக்கிடுவோம்."

"கடுதாசி வராத அன்னைக்கு நல்லா இருக்காரா?"

குற்றாலிங்கம் யோசித்தார். கடிதம் வராத நாட்களில் சார் வாசலிலேயே நிற்பார். ஏன் வரவில்லை, என்ன ஆகியிருக்கும், எதை மறைக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக அடுக்குவார். வந்த கடிதங்களில் இருந்ததைவிட வராத கடிதங்களில் அதிகம் எழுதியிருந்தது.

"இல்லைம்மா. அன்னைக்கு இன்னும் மோசம்."

"வீட்டுலயும் நெருப்பு எரியுது. அதை நான் இல்லைன்னு சொல்லலை" என்றார் அம்மா.

முப்பத்தாறாம் நாள் வேலாண்டி ஓடைக்கரையில் நடுவதற்கு வாழைக்கன்று கேட்டார். அன்றைக்குத்தான் குற்றாலிங்கம் அம்மாவிடம் போய்க் கேட்டார்.

"ஒரே மருந்து. ஒரே இடம். ஒரே நாள் கணக்கு. ஒருத்தர் எழுந்துட்டாரு. ஒருத்தர் இன்னும் அடியில போய்க்கிட்டே இருக்காரு. ஏம்மா?"

அம்மா கொட்டகையில் ஓர் ஆட்டுக்குத் தழை கொடுத்துக்கொண்டிருந்தார். பத்து நாளுக்கு முன் முன்னங்கால் ஒடிந்து வந்த ஆடு. மூங்கில் சிம்பு வைத்துக் கட்டியிருந்தது. கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, அது நடமாடாதபடி முளையில் கட்டிப் போட்டிருந்தார்கள்.

"சொல்லுதேன். அதுக்கு முன்னால அந்தக் கட்டைப் பிரிச்சு, எலும்பு கூடியிருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க."

குற்றாலிங்கம் குனியப் போனவர் நிமிர்ந்தார். "பிரிச்சா எப்படிம்மா கூடும்?"

"அப்ப கயித்தையாவது அவுத்துவிடுங்க. நடந்து பார்க்கட்டும்."

"அதுவும் கூடாதேம்மா."

அம்மா தழையைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார். குற்றாலிங்கம் குனிந்து, முளையில் இருந்த முடிச்சை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.

இந்த இடத்தோடு கதை முடிந்திருந்தால் நல்ல கதைதான். எழுதுகிறவனும் ஒரு காலத்தில் இதை இங்கேயே நிறுத்தித்தான் நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். குற்றாலிங்கம் நிறுத்த மாட்டார்.

அவர் நேராகத் தெய்வநாயகம் சாரிடம் ஓடினார்.

"சார், இவ்வளவு நாளும் நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். யோசிக்கிறதுதான் உங்க நோய். கட்டுப் போட்ட அந்த ஆட்டைப் பாருங்க, சும்மா கிடக்கு. இனிமே யோசிக்காதீங்க. அவ்வளவுதான், வேற ஒண்ணுமே வேண்டாம்."

சார் அவரை அண்ணாந்து பார்த்தார். கணக்கில் தப்பு கண்டுபிடித்துக் கொடுத்த பையனைப் பார்ப்பதுபோல ஒரு வெளிச்சம் முகத்தில் வந்தது. ஒரு நொடி இருந்தது.

மறுநாள் காலையில் குற்றாலிங்கம் கேட்டார். "தூங்கினீங்களா சார்?"

"இல்லை. யோசிக்காம இருக்கணும்னு படுத்தேன். முடியலை. வேலாண்டிக்கு முடியுது. ஆட்டுக்கு முடியுது. எனக்கு இதுகூட முடியலையே அண்ணாச்சி. அப்ப நானேதானே இந்த நோயை உண்டாக்கிக்கிட்டிருக்கேன்?"

குற்றாலிங்கம் கஷாயத்தை நீட்டினார்.

"வேர் அதுதான்" என்றார் சார். "கண்டுபிடிச்சுட்டேன்."

அதற்குப் பிறகு அவர் எதையும் தேடவில்லை. காலையில் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். அம்மா இரண்டு சாயங்காலம் அவரோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் விறகும் கோடாலியும் இருந்தன. சார் அவற்றைத் தொடவில்லை.

நாற்பத்தோராம் நாள் சாருடைய மைத்துனர் கார் எடுத்துக்கொண்டு வந்தார். கேஸ் வாய்தா. சார் கையெழுத்துப் போட வேண்டும்.

அம்மா வாசலில் குறுக்கே நின்றார். "இன்னும் ஏழு நாள்தான் இருக்கு. கல்லும் மண்ணும் ஒரு வாரம் பொறுக்காதா?"

"நாங்க பொறுப்போம்மா. கோர்ட்டு பொறுக்காதே."

"இவரு அங்க போனா என்ன ஆகும்னு தெரியுமா?"

மைத்துனர் பதில் சொல்வதற்குள் சார் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"விடுங்கம்மா. நான் இங்க இருந்து ஒரு கட்டிலை வீணடிச்சுக்கிட்டிருக்கேன். பிழைக்கத் தெரிஞ்சவங்க யாராவது வந்து படுக்கட்டும்."

குற்றாலிங்கம் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இதுவரை சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. அவர் கதவைச் சாத்தினார்.

இரண்டு மாதம் கழித்து சுரண்டைப் பக்கத்து ஆள் ஒருவர் ஒடிந்த கைக்குக் கட்டு போட வந்தார். சார் வேலைக்குப் போகவில்லை என்றார். உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாராம். சாப்பாடு கொண்டுபோய் வைத்தால் உண்டாம், இல்லாவிட்டால் இல்லையாம். கேட்டால் பேசுவதில்லையாம்.

அன்றிலிருந்து குற்றாலிங்கம் தினமும் அம்மாவிடம் கேட்க ஆரம்பித்தார்.

"என் தப்பு எதும்மா? ஏன்னு கேட்டதா? விறகு பிளக்கச் சொல்லாம விட்டதா? யோசிக்காதீங்கன்னு சொன்னதா?"

அம்மா முதல் நாள், "கஷாயத்தைப் பாருங்க" என்றார். அடுத்த நாள், "நான் அவரை அனுப்பியிருக்கக் கூடாது, அது என் தப்பு" என்றார். அதற்குப் பிறகு பதில் சொல்வதை விட்டுவிட்டார்.

குற்றாலிங்கம் விடவில்லை. ஐப்பசி முழுக்கக் கேட்டார். கார்த்திகையில் கேட்டார். அவருக்கும் தூக்கம் போயிருந்தது. ஒரு காலையில் எண்ணெய்ச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னைக்கு நீங்க சொல்லித்தான் ஆகணும். நான் என்ன செய்யணும்?"

அம்மா சட்டியை இறக்கி வைத்தார். அவரை நன்றாகப் பார்த்தார்.

"சுரண்டைக்குப் பத்து மணிக்கு பஸ் இருக்கு, அண்ணாச்சி."

அதுதான் பதில். அதற்குப் பிறகு அம்மா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பன்னிரண்டு வருடம் கழித்து அம்மா போய்ச் சேர்ந்தார்.

குற்றாலிங்கம் இந்த வாக்கியத்தைப் பல வருடம் தியானித்தார். பஸ் என்பது இந்த உடம்பு. பத்து என்பது ஞானேந்திரியம் ஐந்து, கர்மேந்திரியம் ஐந்து. நேரம் தவறினால் பிறவி தவறும். பௌர்ணமிதோறும் வீட்டில் கூடுகிறவர்களுக்கு இதை விரித்துச் சொல்வார். கேட்டு அழுதவர்கள் உண்டு. எழுதுகிறவனும் ஒன்றும் லேசுப்பட்டவன் அல்ல. குரு இப்படி ஒரு மொட்டை வாக்கியத்தைச் சொல்லியிருக்கவே மாட்டார், ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அவன் மூன்று நோட்டு நிறைய ஆராய்ச்சி எழுதிவைத்திருந்தான்.

போன தையில் அவன் அவரைப் பார்க்கப் போனான். அண்ணாச்சிக்கு எண்பது முடிந்திருந்தது. பார்வை மங்கியிருந்தது. கேட்காமலே கதையைச் சொல்ல ஆரம்பித்தார். இந்தத் தடவை சார் வந்து இறங்கிய முதல் நாளிலேயே குற்றம் தொடங்கியிருந்தது. சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம் சார் என்ன ஆனாரு?" அவன் இதை ஒரு தடவையும் கேட்டதில்லை.

"ஒன்பது வருஷம் இருந்தாரு. அந்த உள் ரூம்லேயேதான். கடைசி வரைக்கும் அப்படியே கிடந்தாராம். சொன்னாங்க."

"யார் சொன்னாங்க?"

"அந்தப் பக்கத்துல இருந்து வர்றவங்க, போறவங்க."

வெளியே யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அடுத்த கேள்விக்காகக் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பத்து மணியின் தத்துவத்தைப் பற்றி ஏதாவது கேட்பான் என்று அவர் நினைத்திருக்கலாம்.

"அண்ணாச்சி, நீங்க அந்தப் பஸ்ஸுல ஒரு தடவையாவது ஏறினீங்களா?"