கலவாய் அண்ணாச்சியோட செவுள்

வரி வரியா, கலர் கலரா ஒரு மீன்னு சொன்னதுமே நிமிந்து உக்காந்துட்டீங்க பாருங்க! கடல் ராசா பொண்ணு வருவா, கல்யாணம் நடக்கும்னுதானே? போங்க. இது செவுள்ல பேன் புடிச்ச கதை.

ஒரு காலத்துல தூத்துக்குடிக்குக் கெழக்க ஒரு பவளப்பாறை. அங்க ஒரு கல்லு. பெரிய மீனுங்க அந்தக் கல்லுகிட்ட வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும். மஞ்சளும் நீலமுமா வரி போட்ட சின்ன மீன் உள்ள பூந்து, பேனையெல்லாம் புடுங்கித் தின்னுட்டு வெளிய வரும். வேலை முடியுறவரைக்கும் யாரும் வாயை மூடக் கூடாது. அதான் அந்தக் கல்லோட சட்டம்.

கலவாய் அண்ணாச்சியும் ஒரு பெரிய மீன்தான். அவருக்கு இடது செவுள் முழுக்கப் பேன். பாதி மூச்சுதான் ஓடுது. கண்ணை இருட்டிக்கிட்டு வருது. தட்டுத்தடுமாறி கல்லுகிட்ட வந்தா, வரி மீன் ரெண்டு நிக்குது. அச்சுல வார்த்த மாதிரி ஒரே வரி.

"இதுல யாருடா வேலைக்காரன்?"

"நான்தான் அண்ணாச்சி"ன்னான் ஒருத்தன். "இவன் வரி மட்டும்தான் போட்டிருக்கான். வேலைன்னு கிட்ட வந்து சதையைக் கடிச்சுட்டு ஓடிருவான்."

"அட, நான் சொல்ல வேண்டியதை இவன் சொல்றான் பாருங்க!"ன்னு மத்தவன் சிரிச்சான்.

போன வாரம் இதே வரி போட்ட ஒருத்தன்கிட்ட கடி வாங்குன எடம் அண்ணாச்சிக்கு இன்னும் எரியுது. "சரி. செவுளைப் பாத்துட்டு ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னு வாயைப் பொளந்தாரு.

மொத ஆளு நேரா உள்ள போனான். "பேன் ஆழமா கொக்கி போட்டிருக்கு அண்ணாச்சி. புடுங்குனா வலிக்கும், ரத்தம் வரும். கொஞ்சம் பொறுத்துக்கிடணும்." சொல்லிக்கிட்டே ஒண்ணை இழுத்தான்.

"ஆத்தாடி!"

மத்தவன் உள்ளயே போகலை. வாலை ஆட்டி, இடுப்பை வளைச்சு, அண்ணாச்சி மூஞ்சிக்கு முன்னால ஒரு ஆட்டம் போட்டான். "என் அண்ணாச்சிக்கு வலியா? நான் தொட்டா பூ விழுந்த மாதிரியில்ல இருக்கும்!"

"கடிச்சவன் எவன்னு தெரிஞ்சுபோச்சு"ன்ன அண்ணாச்சி, உள்ள இருந்தவனோட சேத்து லபக்குன்னு வாயை மூடுனாரு. அந்தக் கல்லோட சட்டம் அன்னைக்குத்தான் மொதமொதல்ல ஒடஞ்சுது.

வரிசையில நின்ன மீனெல்லாம் வாலைத் தட்டிச்சு. அண்ணாச்சி மறுபடி வாயைப் பொளந்தாரு. "வா தம்பி, ஆரம்பி."

தம்பி ஆடுனான். நல்லாத்தான் ஆடுனான். வெயில் உச்சிக்கு ஏறுறவரைக்கும் ஆடுனான். அண்ணாச்சிக்கு இப்ப கால் மூச்சுதான்.

"உள்ள வாடா!"

"இன்னும் ஒரே ஒரு ஆட்டம் அண்ணாச்சி..."

கல்லுக்கடியில பாசி மேஞ்சுக்கிட்டிருந்த நண்டு ஒண்ணு, கண்ணைக்கூடத் தூக்காம சொல்லிச்சு:

"அவனுக்கு ஆடத்தான் தெரியும். பேன் புடுங்கத் தெரிஞ்சவன் உங்க வயித்துல இருக்கான்."