எட்டாவது தாள்

பனிமலையில் சறுக்குப் பலகை சோதிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சறுக்கி இறங்கியதும் முதலில் மூச்சு வாங்குவார்கள். அடுத்து பலகையைத் திட்டுவார்கள். அப்புறம்தான் காலைக் கட்டிலிருந்து அவிழ்ப்பார்கள். மெர்லின் அன்று இறங்கி வந்தாள், மூச்சு வாங்கினாள், கட்டை அவிழ்த்தாள். பலகையைத் திட்டவில்லை.

"மாஸ்டர், ஒரு சந்தேகம்."

குயிலி இன்னொரு பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ம்."

"இறுகின பனியில பலகை நடுங்கிச்சு. நடுங்கினது பலகையா, நானா? அதை எப்படிக் கண்டுபிடிக்கது?"

"எத்தனை மார்க் போட்டீங்க?"

"ஒன்பது."

"நடுங்கின பலகைக்கு ஒன்பதா?"

"நடுங்கினது நானாக்கும்னு நினைச்சுப் போட்டேன்."

குயிலிக்கு வயது இருபத்தெட்டு. வேலூர்ப் பக்கத்து ராணுவக்காரரின் மகள். அப்பாவுக்கு மாற்றல் வந்த ஊரெல்லாம் பனி ஊர். அவள் நடை பழகியதே பனியில்தான். மெர்லினுக்கு முப்பத்தொன்பது. குளச்சலில் ஃபைபர் வள்ளம் செய்யும் பட்டறையில் பதினாலு வருடம் தரம் பார்த்தவள். வள்ளத்துக்குள்ளும் பனிப்பலகைக்குள்ளும் இருப்பது ஒரே கண்ணாடி இழைதானே, இதையும் பார்த்துவிடலாம் என்று மலையேறி வந்தவள், மூன்று பனிக்காலமாக இங்கேயே இருக்கிறாள். சிஷ்யை குருவைவிடப் பதினோரு வயது மூத்தவள். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவை மாஸ்டர் என்பாள். சண்டை வந்தாலும் அந்த மரியாதை மாறாது. சண்டை தினமும் வரும்.

அன்றைய பலகை புதியது. மலை முழுக்க இது ஒன்றே போதும் என்று விற்கிற இனம். இறுகிய பனி, முழங்கால் புதையும் பொடிப்பனி, மரக்கூட்டம், செங்குத்துச் சரிவு, எங்கே வேண்டுமானாலும் இறங்கலாமாம். மலை மீட்புக் குழுவுக்கு இதில் பன்னிரண்டு வாங்கப் போகிறார்கள், எல்லாம் ஒரே அளவில். சோதனைத் தாள்கள் அன்று சாயங்காலம் குழுவின் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். ஏழு பேர் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். எட்டாவது மெர்லின்.

அலுவலகத்தின் விதி எளிமையானது. மற்றவர்களோடு ஒட்டாமல் இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் விலகி நிற்கிற தாளைக் கழித்துவிடுவார்கள். அதை எழுதியவரை மறுபடி கூப்பிட மாட்டார்கள். விலகிய தாள் இரண்டு இருந்தால் மட்டும் சோதனையை முதலிலிருந்து நடத்துவார்கள். இதுவரை இரண்டு இருந்ததில்லை.

சோதனைத் தாளில் மெர்லினுக்கு இது முதல் கையெழுத்து.

"தாளை வாசிங்க" என்றாள் குயிலி.

மெர்லின் அட்டையைக் கையில் எடுத்தாள். எல்லாத் தாளும் ஒரே கிளிப்பில் இருந்தன.

"பொடிப்பனியில மிதப்பு அருமை. இறுகின பனியில விளிம்பு பிடிக்குது, லேசா நடுக்கம். மரங்களுக்கு நடுவுல திருப்பம் தாமதம். குறிப்பு: சோதித்தவருக்குக் கால் பலம் போதாது."

"மரங்களுக்கு நடுவுல என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"அக்கா."

"ஒரு தேவதாரு மரத்தைக் கட்டிப்பிடிச்சேன். அதுக்கொண்ணும் ஆகல."

குயிலி மெழுகுக் கட்டியைக் கீழே வைத்தாள். "உங்க ஊர்ல வள்ளம் கவுந்தா என்ன சொல்வாங்க?"

"துடுப்புப் போடத் தெரியாதவன் ஏறினான்னு சொல்லுவாங்க. பட்டறை முதலாளி எப்பவும் அதைத்தான் சொல்லுவார். நான் விட மாட்டேன். அவன் அப்பன் காலத்துல இருந்து கடல்ல கிடக்கிறவன், அவனுக்கா தெரியாது, வள்ளத்தைக் கரைக்கு ஏத்துங்க, நான் பார்க்கணும்னு நிப்பேன்."

"இங்க மட்டும் விட்டுட்டீங்க."

மெர்லின் அட்டையைக் கீழே வைத்தாள்.

குயிலி எழுந்து உள்ளே போனாள். வரும்போது ஒரு பெரிய முதுகுப்பையும் கொக்கித் தராசும் கொண்டுவந்தாள். பையை விரித்து வைத்து, மண்வெட்டியால் பனியை அள்ளிப் போட்டாள். ஏறி மிதித்தாள். மறுபடி அள்ளிப் போட்டாள்.

"என்ன செய்யுதீங்க?"

"உங்க சந்தேகத்துக்குப் பதில் கட்டறேன்."

பையைத் தராசில் தூக்கிப் பார்த்தாள். இருபது. இன்னும் இரண்டு மண்வெட்டி போட்டாள். இருபத்திரண்டு. போதும் என்று வாரை இறுக்கினாள்.

"இருபத்திரண்டு எதுக்கு? இருபது போதாதா? இருபத்தஞ்சு ஆகாதா?"

"போட்டுக்கோங்க."

"எனக்க மொத்த எடையே ஐம்பத்தொண்ணு மாஸ்டர். விழுந்தா இந்த மூட்டை என் மேல உக்காந்திரும்."

"மெதுவா இறங்குங்க. பின்னாலயே வரேன்."

ரோப் கார் வரிசையில் நின்று, மதியத்துக்கு மேல்தான் இருவரும் ஏறினார்கள். மெர்லின் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். மூட்டை கால் பலத்துக்கான பயிற்சியா? தண்டனையா? இதுக்குப் பேசாம ஒரு ஆளையே தூக்கிட்டு இறங்கச் சொல்லியிருக்கலாமே? குயிலி ஜன்னல் வழியே சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உச்சியில் காலைக் கட்டிக்கொண்டு மெர்லின் எழுந்து நின்றாள். நிற்பதே பெரிய பாடாக இருந்தது. மெல்ல முன்காலில் சாய்ந்தாள். பலகை இறுகிய பனியில் இறங்கியது.

முதல் வளைவில் அவள் நடுக்கத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

இரண்டாவது வளைவில் காலுக்கடியில் ஏதோ குனிவது தெரிந்தது. காலையில் இரும்புத் தகடு போல விறைத்துக் கிடந்த பலகை, இப்போது வில்லாக வளைந்து, வளைவு முடிந்ததும் அவளை அடுத்த பக்கத்துக்குத் தானே தள்ளிவிட்டது. விளிம்பு பனியைக் கத்தரித்த சத்தம் ஒரே சீராகக் கேட்டது. மரக்கூட்டத்தின் ஓரத்தில் நினைத்த இடத்தில் திரும்பியது. நினைக்கிறதுக்குள்ளே திரும்பியது என்றுகூடச் சொல்லலாம்.

கீழே வந்து மூட்டையோடு பனியில் உட்கார்ந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், இது வேற பலகை."

"அதே பலகைதான்."

"நல்ல பலகை. ஒன்பது சரிதான். ஒன்பதரைகூடப் போடலாம். அப்போ குறை எனக்க கால்லதான்."

"இப்பவும் அதே கால்தான் அக்கா."

மெர்லினின் சிரிப்பு நின்றது.

அவள் வாரைக் கழற்றினாள். பையைப் பக்கத்தில் தள்ளிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வள்ளப் பட்டறையில் ஒரு விரிசலைத் தேடும்போது இப்படித்தான் பார்ப்பாள். விரிசல் எங்கே இருக்கிறது என்பதைவிட, எங்கெங்கே இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வருவாள். கால் இல்லை. பயிற்சி இல்லை. பனி இல்லை, காலையில் இருந்த அதே பனி. பலகையும் அதே. மாறினது ஒன்றே ஒன்று.

"இருபத்திரண்டு" என்றாள். "ஐம்பத்தொண்ணும் இருபத்திரண்டும் எழுபத்துமூணு. எழுபத்துமூணு யாரு?"

குயிலி அட்டையைக் காட்டினாள்.

மெர்லின் பழைய தாள்களைப் புரட்டினாள். மேலே பெரிய எழுத்தில் மதிப்பெண். ஒன்பது. ஒன்பது. எட்டரை. காலையில் அவள் பார்த்தது அதை மட்டும்தான். ஒவ்வொரு தாளின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. சோதித்தவர் பெயர், உயரம், எடை. யாரும் வாசிக்காத வரி.

முதல் தாள் எண்பத்தொன்று. இரண்டாவது எண்பத்தாறு. மூன்றாவது எழுபத்துமூன்று.

"இவர்தானா?"

"ஆம்பளைங்கள்ல லேசானவர் அவர்தான்."

"இவங்க யாரும் பொய் எழுதல" என்றாள் மெர்லின். குரல் ஏறத் தொடங்கியிருந்தது. "அவங்கவங்க காலுக்கடியில பலகை நல்லாத்தான் வளைஞ்சிருக்கு. வளைஞ்சதை எழுதியிருக்காங்க. ஆனா மீட்புக் குழுவில அஞ்சு பொம்பளைங்க இருக்காங்க மாஸ்டர். ஒரு பிள்ளைக்கு நாப்பத்தாறு கிலோ. அந்தப் பிள்ளை மரக்கூட்டத்துக்குள்ள ஆளைத் தேடிப் போகும்போது இந்தப் பலகை திரும்பாது. திரும்பலன்னா பிள்ளைக்குக் கால் பலம் போதாதுன்னு எழுதுவாங்க. எழுதுறது யாரு? காலையில நானே எழுதிட்டேன்."

"எழுதியிருக்கீங்க."

"முதல்லயே சொல்லியிருக்கலாமில்லியா?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

"நம்பியிருக்க மாட்டேன். ஆனா சொல்லியிருக்கணும்."

மெர்லின் தன் தாளை எடுத்தாள். குறிப்பை அடித்தாள். ஒன்பதை அடித்தாள். குனிந்து நெடுநேரம் எழுதினாள். பொடிப்பனியில் ஒன்பதை அப்படியே விட்டாள். அங்கே அது உண்மையிலேயே மிதந்தது, அதைக் குறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. இறுகிய பனிக்கு மூன்று. மரங்களுக்கு நடுவே இரண்டு. அறுபது கிலோவுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த அளவு, இந்த விறைப்பு ஆபத்து என்று எழுதி அடிக்கோடு போட்டாள். மொத்த மதிப்பெண் கட்டத்தின் முன்னால் பேனா நின்றது.

"நாலு போட்டா இந்தத் தாளைக் கழிச்சிருவாங்க" என்றாள்.

"ஆமா."

"என்னையும்."

"ஆமா."

"அதுக்கும் எனக்கொரு பதில் கட்டி வச்சிருக்கீங்களா?"

"இல்ல அக்கா."

மெர்லின் நாலு என்று போட்டாள். கையெழுத்திட்டாள். அடியில் அந்தப் பொடி வரியில் தன் எடையை, மேலே இருக்கும் எழுத்தைவிடப் பெரிதாக எழுதினாள். பிறகு, கழிபடப் போகிற தாள் யார் யாரோடு படுத்திருக்கிறது என்று பார்க்கிற மாதிரி, மீதித் தாள்களையும் ஒரு முறை புரட்டினாள். நாலாவது தொண்ணூறு கிலோ. ஐந்தாவது எழுபத்தெட்டு.

ஆறாவது தாளில் ஐம்பது கிலோ என்று இருந்தது. மதிப்பெண் ஒன்பது. பெயர் குயிலி.

மெர்லின் அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தாள்.

"மூட்டையோட இறங்கினீங்களா?"

"இல்ல."

"நடுங்கிச்சா?"

"நல்லா நடுங்கிச்சு."

"அப்புறம் எதுக்கு ஒன்பது? பயமா?"

"அன்னைக்குப் பயம்னு தெரியல. அன்னைக்கு எனக்கு உடம்பு சரியில்லைன்னு நினைச்சேன்."

"எப்ப தெரிஞ்சுது?"

"காலையில. நீங்க கேட்டப்போ."

தூரத்தில் ரோப் காரின் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது. கடைசிப் பெட்டி நாலு மணிக்கு. இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. மெர்லினுக்குத் திட்டத் தோன்றியது. ஆனால் அதைவிட வேகமாக வேறொரு கணக்கு அவள் தலைக்குள் ஓடி முடிந்திருந்தது.

"மாஸ்டர், விலகின தாள் ரெண்டு இருந்தா கழிக்க முடியாது. திரும்ப முதல்ல இருந்து சோதிக்கணும். அதானே விதி?"

"அதான் விதி."

"நீங்களும் மாத்தி எழுதுங்க. உங்க எடையும் எனக்க எடையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நான் எல்லாம் விவரமா எழுதிட்டேன். பாருங்க, இறுகின பனிக்கு இவ்வளவு, மரங்களுக்கு நடுவுல இவ்வளவு. இப்படியே எழுதினாப் போதும். அஞ்சு நிமிஷ வேலை."

தாளை நீட்டினாள்.

குயிலி அதை வாங்கவில்லை. மெர்லின் இறங்கிய பலகையைப் பனியிலிருந்து எடுத்து, விளிம்பைத் துடைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். இருபத்திரண்டு கிலோப் பையை அங்கேயே விட்டுவிட்டு ரோப் காரைப் பார்த்து நடந்தாள். மெர்லின் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

குயிலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"காட்டாதீங்க அக்கா. போன தடவை மத்தவங்க தாளைப் பார்த்துட்டுத்தான் ஒன்பது போட்டேன்."