தாண்டவராயனின் மெதுவோட்டம்

கொன்றையூர் ராஜ்ஜியத்தில் குதிரை கிடையாது. இப்போதைய மன்னரின் பாட்டனாருக்குக் குதிரை வாடை பட்டால் தும்மல் வரும். மூன்று போர்களில் தும்மியே தோற்றார். அன்றிலிருந்து எங்கள் லாயத்தில் நிற்பதெல்லாம் மோட்டார் சைக்கிள்தான்.

அந்த அரசவையில் விகடகவி நான். பெயர் தாண்டவராயன். வயது எழுபத்தொன்று, பல் பதினொன்று. நான் நடந்து போனால் எருமைகூட என்னை முந்திக்கொண்டு போகும். ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன் என்றால், என் வயது பின்னால் புழுதியில் எங்கேயோ நின்றுவிடும். அந்த ஒரு சுகத்துக்காகத்தான் உயிரோடு இருக்கிறேன் என்று என் மனைவி பொன்னுத்தாயி சொல்வாள். அவள் சொல்வதில் பாதி உண்மை.

போன மாதம் அரண்மனை வாசலில் விழுந்துவிட்டேன். ஓடுகிற வண்டியிலிருந்து விழுந்தாலாவது ஒரு கௌரவம் உண்டு. நான் விழுந்தது நிறுத்திய வண்டியிலிருந்து. வழக்கமாக வாசலில் இருக்கும் காவலர்கள் இருவரும் அன்று சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மெல்லச் சாய்ந்து, மகாராணியாரின் மல்லிகைப் பாத்தியில் போய்ப் படுத்தேன். வாசம் நன்றாகத்தான் இருந்தது.

இதற்காகவே காத்திருந்தவர் தளபதி உக்கிரபாண்டி. முப்பது வயது. மீசையும் வண்டியும் எப்போதும் உறுமிக்கொண்டே இருக்கும். மறுநாளே ஓர் ஓலையோடு சபைக்கு வந்தார்.

"மகாராஜா! அறுபது நிறைந்தவர்கள் இனி வண்டி ஓட்டக் கூடாது. சாவியை லாயத்தில் ஒப்படைத்துவிட்டுப் பல்லக்கில் போகட்டும். தாங்கள் முத்திரை வைத்தால் போதும்."

"ஏன் இந்த அவசரம்?" என்றார் மன்னர்.

"நிற்கிற வண்டியிலிருந்தே விழுகிறார்கள். ஓடுகிற வண்டியில் என்ன செய்வார்களோ!"

"ஓடும்போது விழ எனக்கு நேரம் இருப்பதில்லை, தளபதியாரே" என்றேன்.

சபை சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை. அவருக்குச் சித்திரை வந்தால் அறுபது. தினமும் காலையில் ஆற்றங்கரை வரை தன் சிவப்பு வண்டியில் போய்வருகிறவர். ஓலையை மறுத்தால், தன் வயதுக்குப் பயந்து மறுக்கிறார் என்று சபை நினைக்கும். முத்திரை வைத்தால் சித்திரையிலிருந்து பல்லக்கு. முத்திரை மோதிரத்தைச் சுற்றிச் சுற்றித் திருகினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தாண்டவராயரே, உமக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா?"

ஏதாவது சொல்லித் தொலையுமய்யா என்று கெஞ்சுகிற குரல் அது.

"ஒரே ஒரு போட்டி, மகாராஜா. தளபதியாருக்கும் எனக்கும். நான் தோற்றால் சாவி அவர் கையில். ஜெயித்தால் ஓலை அடுப்பில்."

உக்கிரபாண்டி விழுந்து விழுந்து சிரித்தார். "என்னோடா? பெரியவரே, காலையில் மருந்து மாற்றிக் குடித்துவிட்டீர்களா? சரி, எந்தப் போட்டியானாலும் சம்மதம். சபை சாட்சி!"

"நம் ஊர்ப் பொங்கல் போட்டிதான். மெதுவோட்டம்."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மெதுவோட்டத்தில் கடைசியாக வருகிறவனே ஜெயித்தவன். வண்டி நிற்கவும் கூடாது, காலைத் தரையில் ஊன்றவும் கூடாது. ஊன்றினால் அங்கேயே தோல்வி.

மறுநாள் காலை மேளமண்டபத்தின் முன் ஊரே கூடிவிட்டது. மண்டபத்திலிருந்து கோயில் குளம் வரை நூறடி தூரம். நான் தூணில் சாய்ந்தபடி கிளம்பினேன். தளபதி அவருடைய ராட்சச வண்டியை உறுமவிட்டுக் கிளம்பினார்.

பத்தடி போனோம். ஒரு வாத்து எங்களை முந்தியது. திரும்பி வந்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் முந்தியது.

"சீக்கிரம் போங்கய்யா, வெயில் ஏறுது!" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள்.

தளபதியின் வண்டி பறக்கப் பழகினது. அதைத் தவழச் சொன்னால்? துள்ளியது, இருமியது, இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது. தளபதியின் மீசையெல்லாம் வியர்வை. இருபத்தைந்தாவது அடியில், தன்னை அறியாமல் காலை ஊன்றிவிட்டார்.

ஊர் ஆர்ப்பரித்தது. குளக்கரையில் போட்டிருந்த சிம்மாசனத்திலிருந்து மன்னர் எழுந்தேவிட்டார். "ஜெயித்துவிட்டீர், தாண்டவராயரே! போதும், நிறுத்தும்!"

நான் நிறுத்தவில்லை. அதே ஆமை வேகத்தில் அவரைக் கடந்து போனேன். குளத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தேன்.

"அட, நிறுத்தும் என்றேனே! பரிசு வாங்க வேண்டாமா?"

"வேண்டும், மகாராஜா. இதோ, இன்னொரு சுற்று."

மூன்றாம் சுற்றில் மன்னருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன திமிர் இது! ராஜா சொல்லியும் நிறுத்த மாட்டீரா?"

இனி மறைக்க முடியாது. வண்டியில் போய்க்கொண்டே கத்தினேன். "திமிர் இல்லை, மகாராஜா, முட்டி! ரெண்டு முட்டியும் பாரம் தாங்காது. காலை ஊன்றினால் விழுந்துவிடுவேன். வாசலில் விழுந்ததும் அப்படித்தான், அன்று பிடித்து இறக்கக் காவலர்கள் இல்லை. பத்து வருஷமாகக் காலை ஊன்றாமலே ஓட்டி ஓட்டிப் பழகிவிட்டது. இதைத் திறமை என்று நினைத்துத் தளபதியார்தான் ஏமாந்துபோனார்!"

"அப்படியானால் வீட்டில் எப்படி இறங்குகிறீர்?"

"வாசலில் ஒரு வைக்கோல்போர் இருக்கிறது. அதில் கொண்டுபோய்ச் சாய்த்துவிடுவேன். பொன்னுத்தாயி வந்து உருவி எடுப்பாள்."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வர, ஓலையை வாங்கி நாலாகக் கிழித்தார். காவலர்கள் இருவர் ஓடிவந்து என்னையும் வண்டியையும் சேர்த்துப் பிடித்தார்கள்.

"கேளும்! பொன்னா, பூமியா?"

"அரண்மனை வாசலில் ஒரு வைக்கோல்போர் போதும், மகாராஜா. காவலர்களும் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டுமே."

மன்னர் அரண்மனைக் காரியக்காரரை அருகே அழைத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, தளபதிக்குக் கேட்காதபடி சொன்னார்:

"ரெண்டு போடச் சொல்லும். சிவப்பு வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒன்று."