நலங்கு வச்ச வாள்

வெள்ளைக்காரன் நம்ம நாட்டை ஆண்டான்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. இந்தக் கதையில அவன் ஆளலை. கப்பல்ல வந்தான், மிளகு வாங்குனான், ரயிலும் தண்டவாளமும் வித்தான், வந்த வழியே போயிட்டான். அதனால ராசாக்களும் இருந்தாங்க, ரயிலும் ஓடுச்சு. அது எப்படின்னு மூக்கை நுழைக்காதே ராசாத்தி, கதையைக் கேளு.

கடலோரத்துல செம்பாறைன்னு ஒரு சீமை, பெரிய துறைமுகம். அந்த ராசாவுக்கு ஒரே மக, பேரு செண்பகநாச்சி, வயசு இருபது. மூணு ஸ்டேஷன் தள்ளி ஆலங்கரைச் சீமை. அங்க இளவரசன் மருதப்பன். அப்பா அம்மா இல்லாத பிள்ளை, அதனால சித்தப்பா வீரபாகுதான் நாட்டைப் பாத்துக்கிட்டாரு. அவரு வாள் பிடியில ஒரு பச்சைக்கல் இருக்கும். அந்த வாளை யாரு காட்டுனாலும் அவங்க சொல்றதுதான் ஆலங்கரைக் காவக்காரங்களுக்கு உத்தரவு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

செண்பகமும் மருதப்பனும் ஒரு தேர்த் திருவிழாவுல பாத்துக்கிட்டாங்க. அப்புறம் காயிதம் போச்சு, காயிதம் வந்துச்சு, இப்படியே மூணு வருசம். அவன் இடது கைக்காரன். எழுதுற கையே எழுதுனதை அழிச்சுக்கிட்டே போகும். அந்த மை கலங்குன காயிதத்தை அவ ஒவ்வொரு எழுத்தாக் கூட்டிப் படிப்பா. படிச்சுப் படிச்சே அவன் மேல உசிரை வச்சிட்டா. கடைசிக் காயிதத்துல அவன் எழுதியிருந்தான், "வாளை அனுப்ப மாட்டேன். நானே வருவேன்."

வாளை அனுப்புறதுன்னா என்னன்னு கேக்குறீங்களா? அந்தக் காலத்து ராசாக்களுக்குச் சண்டையை விட்டுட்டு வர நேரம் இருக்காது. வாளை அனுப்புவாங்க. யாரு வாளோ அவன்தான் மாப்பிள்ளை. பொண்ணு அந்த வாளுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தி நலங்கு வைப்பா. நலங்கு வச்ச வாளை மாப்பிள்ளையும் பொண்ணும் தவிர வேற ஒருத்தரும் தொடக் கூடாது. மறுநாள் வாளுக்குப் பக்கத்துல உக்காந்து தாலி கட்டிக்குவா. அப்புறம் சண்டை நின்னு போச்சு, பழக்கம் மட்டும் நிக்கலை.

ஒரு நாள் ஆலங்கரை ரயில்ல வாள் வந்து இறங்குச்சு, கூடவே வீரபாகுவும். "இளவரசனுக்குக் காய்ச்சல். வாளை அனுப்பியிருக்கான்"ன்னாரு.

அன்னைக்குப் பூரா செண்பகம் அழுதா. வருவேன்னு எழுதுனவன் வரலையே! "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்ப்பா."

"திருப்பி அனுப்புனா சண்டை வரும் தாயி. ஊரே அழியும்"ன்னு ராசா கையைப் பிசைஞ்சாரு.

சரின்னு நலங்கு வைக்க உக்காந்தா. பிடி முழுக்கப் பட்டுத்துணி சுத்தியிருந்துச்சு. அவுத்தா பச்சைக்கல்! சித்தப்பாவோட பச்சைக்கல் வாளைப் பத்தியும், அதைக் காட்டுனா காவக்காரங்க அடங்குறதைப் பத்தியும் மருதப்பன் காயிதத்துல எழுதியிருந்தான். பிடித்தோல்ல கட்டைவிரல் தேஞ்சு ஒரு பள்ளம். இடது கையில பிடிச்சுப் பாத்தா, விரல் பள்ளத்துல உக்காரலை. வலது கையில பிடிச்சா, அச்சா உக்காந்துச்சு. இது மருதப்பன் வாளே இல்லை. கூட வந்த சித்தப்பாவே மாப்பிள்ளை ஆயிரப் பாக்குறாரு! தாலி ஏறுனதும் வாள் என்னுதும்பாரு, பொண்ணும் துறைமுகமும் அவருக்கு.

அவ வாயைத் திறக்கலை. மஞ்சத்தண்ணி ஊத்தினா, சந்தனம் பூசினா, குங்குமம் வச்சா. மறுநாள் சபை கூடுனதும் கேட்டா.

"மாமா, இது யாரு வாள்?"

"மருதப்பன் வாள்."

"நெசமாவா மாமா?"

"நெசமா அவன் வாள்தான் தாயி."

"வாளைப் பாத்து ஒரு தடவை சொல்லுங்க."

"சத்தியமா மருதப்பன் வாள்!"

"அப்ப எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. எனக்கு இருக்கு. மாப்பிள்ளைக்குக் காய்ச்சல்னீங்களே, நானே கொண்டு போய்க் குடுக்குறேன்."

வீரபாகு திருதிருன்னு முழிச்சாரு. என் வாளுன்னா பொய் வெளிய வந்துரும், சும்மா இருந்தா வாள் போயிரும். அவ ரயிலேற, அவரும் பின்பெட்டியில தொத்திக்கிட்டு வந்தாரு. ஆலங்கரைக் கோட்டையில அவ வாளைத் தூக்கிக் காட்டி, "இளவரசர் இருக்கற அறையைத் தெறங்க"ன்னா.

"தெறக்காதே!"ன்னு இவரு கத்துனாரு.

காவக்காரன் பாத்தான். "சாமி, உங்க வாள் எங்க?"

கதவு தெறந்துச்சு. காய்ச்சலும் இல்லை, ஒண்ணும் இல்லை; சித்தப்பா உள்ள போட்டுப் பூட்டி வச்சிருந்த மருதப்பன் தாடியும் மீசையுமா நின்னான். காயிதம் குடுக்காததால சுவர் முழுக்கக் கரியால எழுதி வச்சிருந்தான், எல்லாம் கை பட்டுக் கலங்கிப் போயிருந்துச்சு.

"வாள் வந்ததும் என்ன நெனச்ச செண்பகம்?"

"நீங்கதான் அனுப்புனீங்கன்னு நம்பிட்டேன். ஒரு நாள் பூரா நம்பினேன். அதை மறைக்க மாட்டேன்."

அவனுக்குச் சுருக்குன்னுச்சு. "மூணு வருசமாக் காயிதம்தான அனுப்பினேன். ஒரு தடவை நேர்ல வந்திருந்தா நீ நம்பியிருக்க மாட்ட. இப்பவே தாலி கட்டட்டுமா?"

"வேணாம். இப்ப வந்தது நான். நீங்க வருவேன்னு எழுதுனீங்களே, வாங்க."

நெசத்தைச் சொல்லிட்டு ஒருத்தி எவ்வளவு நிமிர்ந்து நடக்குறா பாருங்க.

சித்தப்பாவை அதே அறையில பூட்டுனாங்க. செவுத்துல இருந்ததை அழிக்கலை, படிச்சுக்கிட்டே கிடக்கட்டும்னு விட்டாங்க. அடுத்த வாரம் சாதாரண ரயில்ல, கூட்டத்தோட கூட்டமா நின்னுக்கிட்டே மருதப்பன் செம்பாறைக்கு வந்து இறங்கினான். வாளும் இல்லை, படையும் இல்லை.

தாலியை அவன் இடது கையில எடுக்கவும் சபையில ஒரே முணுமுணுப்பு. "வலது கை, வலது கை"ன்னாரு ராசா.

செண்பகம் தலையை நிமித்தி, "அந்தக் கையாலேயே கட்டட்டும்ப்பா. எனக்கு எழுதுன கை அதுதான்"னு சொன்னா.

அதுக்கப்புறம் அந்த ரெண்டு சீமையிலயும் எந்தப் பொண்ணும் வாளுக்குக் கழுத்தை நீட்டலை. வேணுங்கறவன் நேர்ல வரணும், அவ்வளவுதான். கதை ரயிலேறிப் போயிருச்சு, நான் நம்ம ஸ்டேஷன்ல இறங்கிட்டேன்.