உயர்மட்டத்தில் சொன்ன புரோகிராம்

ஆத்தூர்ப் பக்கம், மரவள்ளிக்கிழங்கில் ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ மில்லில் செங்கோடன் என்று ஒரு மேஸ்திரி இருந்தார். அவர் யோசிக்க ஆரம்பித்தால் கையாட்கள் அத்தியப்பனும் மாரிக்கண்ணும் மூச்சுக்கூட விடமாட்டார்கள். அவ்வளவு மரியாதை.

மில்லுக்குப் புதுசாக ஒரு பெட்டி வந்தது. மில் எப்படி ஓடணும் என்று வாயால் சொன்னால் போதும். மெஷின்களை ஓட்டுகிற புரோகிராமை அதுவே எழுதிக்கொள்ளும். பெட்டியை மாட்ட வந்தவன் போகும்போது, "ஸ்குரு ஆணி வரைக்கும் சொல்ல வேண்டாங்க. உயர்மட்டத்துல சொல்லுங்க, போதும்" என்றான்.

செங்கோடன் கையாட்களைக் கூப்பிட்டார். மறுநாள் முதலாளி பார்க்க வருகிறார்.

"உயர்மட்டம்னா எவ்வளவு உயரமுங்க?" என்றான் அத்தியப்பன்.

"புகைபோக்கிதான் ஒசரம். ஆனா சுடுமே" என்றான் மாரிக்கண்ணு.

செங்கோடன் வெகுநேரம் யோசித்து, "தண்ணித் தொட்டி" என்று தீர்ப்புச் சொன்னார். மூவரும் ஏறினார்கள்.

"கிழங்கை உரி! அரை! பாலைத் தொட்டியில விடு!" என்று மேலிருந்து கத்தினார் செங்கோடன்.

பெட்டியின் கேமராக் கண்ணுக்குத் தெரிந்த தொட்டி, அவர்கள் ஏறி நின்ற அது ஒன்றுதான். கிழங்குப் பால் குபுகுபுவென்று ஏறி, மூவரையும் வெள்ளையடித்துக் கீழே அனுப்பியது.

"எப்போது நிறுத்த வேண்டும்?" என்று கேட்டது பெட்டி.

"ஆபத்து வந்தா நிறுத்து."

"ஆபத்து என்றால் என்ன?"

மறுபடி ஆலோசனை.

"பாம்புங்க" என்றான் மாரிக்கண்ணு.

"பாம்பை அடிச்சுடலாம்டா. நம்மால அடிக்க முடியாதது எது?" என்றார் செங்கோடன்.

"முதலாளி" என்றான் அத்தியப்பன்.

செங்கோடனுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன அறிவு! ஆபீஸ் சுவரில் இருந்த முதலாளி படத்தைக் கழற்றி வந்து, பெட்டிக்கு நன்றாகக் காட்டினார்.

மறுநாள் மில் அமோகமாக ஓடியது. முதலாளி சிங்காரம் காரைவிட்டு இறங்கினார். சகலமும் நின்றது. கோபமாக வாசலைத் தாண்டி வெளியே போனார், ஓடியது. சத்தம் கேட்டுத் திரும்பி வந்தார், நின்றது.

"ஓடாத மில்லுக்கு மேஸ்திரி எதுக்குய்யா? மூணு பேரும் வீட்டுக்குப் போங்க!"

செங்கோடன் கையெடுத்துக் கும்பிட்டார். "சாமி சத்தியமா ஓடுதுங்க முதலாளி. நம்பலைன்னா, நீங்க இல்லாத நேரமாப் பார்த்து ஒரு தடவை வந்து பாருங்க."

முதலாளி யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. போனை எடுத்து வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நான் மில்லுக்கு வராத நாளாப் பார்த்து ஒரு நல்ல நாள் சொல்லு. அன்னைக்கு நான் மில்லுக்கு வரணும்."