காப்புக் கட்டியவள் திரும்பிப் பார்த்தாள்

“அக்கா, நான் திரும்பிப் பார்த்துட்டேன்” என்றாள் மரகதம்.

சமயபுரத்துக்குப் பாதயாத்திரை. மஞ்சள் சேலைக் கூட்டம் மெயின் ரோட்டின் இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது.

காப்புக் கட்டிக் கிளம்பினவர்கள் கோயில் சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வேண்டுதல் பலிக்காது. அவர்கள் ஊர்க் கட்டுப்பாடு அது.

மரகதத்தின் இடுப்பில் பிள்ளை. வலிப்பு வந்து பிழைத்த பிள்ளை. அவனுக்காகத்தான் இந்த நடை.

கூட்டத்தை நடத்திப் போகிற தெய்வானை கேட்டாள்:

“எதைப் பார்த்த?”

“லாரியை. முதுகுக்குப் பின்னால ஹாரன் அடிச்சா உசிரே போகுதுக்கா. பார்த்தா வேண்டுதல் போச்சு. பார்க்காட்டி பிள்ளை போயிருமோன்னு இருக்கு. நான் என்ன செய்ய?”

“ஒரு தடவையா பார்த்த?”

“ஒவ்வொரு லாரிக்கும்.”

முன்னால் போன ராசாமணி சிரித்தாள், திரும்பாமலே.

“கோயில் போய்ச் சேர்றதுக்குள்ள இவ கழுத்து கழண்டுரும். ஏண்டி, ஆத்தா பார்த்துக்க மாட்டாளா?”

தெய்வானை நின்றாள். கழுத்தைத் திருப்பி, வந்த வழியை நன்றாகப் பார்த்தாள். பிறகு முன்னால் பார்த்தாள்.



“வா.”

மரகதத்தின் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்தாள். வலது ஓரமாக நடக்க ஆரம்பித்தாள்.

“ஐயோ அக்கா, லாரி நேரா நம்ம மேலயே வருதே!”

“ஆமா. தெரியுதுல்ல?”

லாரி ஓரத்தை ஒட்டி வந்தது. மரகதம் பிள்ளையை இறுக்கிக்கொண்டு மண்ணில் இறங்கினாள். லாரி போனது. மறுபடி ஏறினாள்.

யாரும் சொல்லவில்லை. அவளாகத்தான் இறங்கினாள்.

அந்தப் பக்கம், கொஞ்சம் முன்னால் போன ராசாமணி கத்தினாள்: “ரெண்டு பேரும் கட்டுப்பாட்டை மீறி அங்க என்னடி...”

ஒரு பஸ் இவர்களைத் தாண்டி, அவள் முதுகை நோக்கி ஓரம் ஒதுங்கியது.

“ராசாமணியக்கா! கீழ இறங்கு!” மரகதம் அலறினாள்.

ராசாமணி முள்ளுச் செடியில் போய் விழுந்தாள். பஸ் நிற்காமல் போனது.

ராசாமணி எழுந்தாள். சேலையெல்லாம் மண். பிறகு இரண்டு பக்கமும் பார்த்து, ரோட்டைக் கடந்து வந்து, மரகதத்தின் பின்னால் சேர்ந்துகொண்டாள்.

அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக வந்தார்கள்.

பிள்ளை தோளில் தூங்கிவிட்டான். மரகதம் மெதுவாகக் கேட்டாள்:

“வருஷா வருஷம் நடக்கிறீங்களேக்கா. இந்தப் பக்கம் ஏன் முன்னமே வரல?”

“திரும்பிப் பார்த்தேன்னு யாரும் சொன்னதில்ல.”

கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

“நானும் சொன்னதில்ல” என்றாள் தெய்வானை.